பொருளற்ற வரி நீக்கப்பட்டது

எங்கள் குழுவில் சேர விரும்புகிறவர்கள் பதினான்கு விதிகளையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். படிக்காமல் போட்டாலும் செல்லும். இதுவரை எல்லோரும் அப்படித்தான் சேர்ந்திருக்கிறார்கள். அந்த விதிகளை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவற்றை எழுதிய நான்தான்.

என் பெயர் வஜ்ரவேலு. கூட்டுறவுத் துறையில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். புதிதாகத் தொடங்கும் சங்கங்களுக்குத் துணைவிதிகள் எழுதித் தருவது என் வேலை. அதில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. என்னிடம் ஒரு பால் சங்கத்தின் துணைவிதிகள் இருந்தன. நெசவாளர்கள் வந்தால் 'பால்' என்று இருக்கும் இடத்தில் 'சேலை' என்று போடுவேன். வீடு கட்டுகிறவர்கள் வந்தால் 'மனை' என்று போடுவேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சங்கம் பிறந்துவிடும்.

ஓய்வு பெற்ற பிறகு, கோயமுத்தூரில் 'வால்நட்சத்திரம் கூட்டுப் புனைகதைக் குழு' என்ற ஒன்று ஆரம்பித்தபோது என்னைச் செயலாளராகப் போட்டார்கள். எனக்கு விஞ்ஞானமும் தெரியாது, கதையும் எழுத வராது. ஆனால் குழுவில் இருந்த மற்றப் பதினோரு பேரும் எழுத்தாளர்கள். அதனால் விதிமுறை அவசியம் என்று முதல் கூட்டத்திலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. நான் பழைய பால் சங்க விதிகளை எடுத்து, 'பால்' இருந்த இடத்தில் 'நினைவு' என்று மாற்றினேன்.

நினைவு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சமயத்தில் எந்தக் கதையையும் இயந்திரமே ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுத்தது. காலையில் ஆயிரம், மாலையில் ஆயிரம். இயந்திரத்துக்குச் சலிப்பே வரவில்லை, படிக்கிறவர்களுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் 'அனுபவ நாவல்' என்று ஒன்று புறப்பட்டது. புத்தகத்தோடு வரும் ஒரு பட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால், எவரோ ஒருவர் நிஜமாகவே வாழ்ந்த ஒரு தருணம் உங்களுக்குள் ஓடும். கதை செவ்வாயில் நடக்கலாம், சனியில் நடக்கலாம். அழுகை மட்டும் அசலாக இருக்க வேண்டும். அசல் அழுகையை இயந்திரத்தால் செய்ய முடியவில்லை. அதை மனிதர்களிடமிருந்து கறந்தால்தான் உண்டு.

கறப்பதற்கான கருவியைக் குழு வாங்கியது. அதைக் கையாளும் பொறுப்பைப் பல் டாக்டர் கிருத்திகாவிடம் கொடுத்தோம். சாய்த்துப் படுக்க வைக்கிற நாற்காலி அவரிடம்தான் இருந்தது. வேறு தகுதி எதையும் நாங்கள் கேட்கவில்லை.

தலைவர் அண்டவெளியன். வீட்டில் வைத்த பெயர் தங்கமுத்து, கிரைண்டர் ஏஜென்சி வைத்திருந்தார். மேடையில் நல்ல தமிழ் பேசுவார், கோபம் வந்தால் நல்ல தமிழ் போய்விடும். குழு கூட்டாக எழுதிக்கொண்டிருந்த நாவலுக்கு 'செவ்வாயின் கடைசி முத்தம்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். நாவலின் ஏழாம் அத்தியாயத்தில் ஒரு பொறியாளர் மனைவியை விட்டுவிட்டு, திரும்பி வர முடியாத பயணம் கிளம்புகிறார். அதற்கு நிஜமான ஒரு பிரிவு தேவைப்பட்டது.

"உங்களுள் எவரேனும் உண்மையான பிரிவைத் தர முன்வர வேண்டும்" என்றார் அண்டவெளியன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் கூட்டத்தில். அவர் ஏற்கெனவே ஒரு நினைவு கொடுத்திருந்தார். கல்லூரி விழா ஒன்றில் தான் பேசி முடித்ததும் கைதட்டல் நிற்காமல் ஒலித்தது என்ற நினைவு. அதைத் திருத்தும்போது கைதட்டலை நாங்கள் கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது.

கடைசி வரிசையில் இருந்து ஒரு கை உயர்ந்தது.

"எங்கிட்ட ஒண்ணு இருக்குதுங்க. ஆனா சாதாரணமாத்தானுங்க இருக்கும்."

சுகந்தாமணி. ஐம்பத்து நான்கு வயது. ஊரின் கணபதிப் பகுதியில் மோட்டார் காயில் கட்டும் கடை, அதாவது எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றித் தரும் கடை, வைத்திருந்தார். கடை கணவர் குழந்தைவேலுவினுடையது. அவர் இறந்த பிறகு இவரே காயில் கட்டக் கற்றுக்கொண்டு நடத்திவந்தார். பிள்ளைகள் இல்லை. இரண்டு வருடமாகக் குழுவுக்கு வருகிறார், ஆறு கதை கொடுத்திருக்கிறார். ஆறையும் யாரும் படிக்கவில்லை. அண்டவெளியன் அவரை "நம்ம மோட்டார் அக்கா" என்று அறிமுகப்படுத்துவார், எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

அடுத்த வாரம் கிளினிக்கில் நானும் கூட இருந்தேன். செயலாளர் முன்னிலையில்தான் நினைவு எடுக்க வேண்டும் என்பது விதி நான்கு.

"அக்கா, நல்லா யோசிச்சுக்கங்க" என்றார் கிருத்திகா, பட்டையை மாட்டிக்கொண்டே. "எடுத்தா எடுத்ததுதான். அப்படி ஒண்ணு நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். ஆனா மனசுல படமா வராது. உங்களுக்குன்னு ஒரு நகல் வெக்கவும் முடியாது."

"தெரியுங்க. எரிஞ்ச மோட்டார்ல பழைய காயில அவுக்கற மாதிரி. எத்தன சுத்துன்னு எண்ணோணும்னா அவுத்தாத்தான் ஆகும். எண்ணி முடிச்சா காயிலு இருக்காது, கம்பிதான் இருக்கும்."

கிருத்திகா என்னைப் பார்த்தார். அந்தக் கருவியைப் பற்றி அதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

"அப்பறம் எதுக்குங்க்கா குடுக்கறீங்க?"

"அவரு போன அன்னிக்குக் காலைல நடந்ததுங்க. அன்னூருல ஒரு கெணத்து மோட்டாரு பாக்கக் கெளம்புனாரு. அங்கயே நெஞ்சு வலி. அந்தக் காலைல எனக்கு மட்டுந்தானுங்க தெரியும். யாருகிட்டயும் சொன்னதில்ல. எனக்கப்பறம் அதை யாருங்க வெச்சிருப்பாங்க? புஸ்தகத்துல போச்சுன்னா இருக்குமில்லீங்க."

நான் விதி ஐந்தை வாசித்துக் காட்டினேன். 'பொதுக் கேனில் ஊற்றிய நினைவைத் திரும்பக் கேட்க உறுப்பினருக்கு உரிமை இல்லை.' பால் சங்கத்தில் அது நியாயமான விதி. நூறு பேர் ஊற்றிய பாலில் உங்கள் மாட்டுப் பாலைத் தனியாகப் பிரிக்க முடியாது. நினைவுக்கும் பாலுக்கும் வித்தியாசம் உண்டு என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. 'கேன்' என்ற சொல்லைக்கூட நான் மாற்றியிருக்கவில்லை.

அவர் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் குழுவில் யார் கொடுத்த நினைவையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதுதான் கூட்டு எழுத்தின் ஜீவன் என்று அண்டவெளியன் சொல்வார். திருத்துகிறவர் பட்டையை மாட்டிக்கொண்டு, காட்சியை ஓட்டி, பிடிக்காததை வேறு மாதிரி நினைத்துக்கொண்டால் போதும். கருவி அதன்மேல் இதை எழுதிவிடும். அவர் மனத்திலும் புதியதுதான் தங்கும், பழையது போய்விடும். திருத்தத்துக்கான காரணத்தை மட்டும் பதிவேட்டில் எழுத வேண்டும். பெயர் போடக்கூடாது, எண் போட வேண்டும். யாரும் யாரையும் வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடிக்கக் கூடாது என்பதற்காக நான் செய்த ஏற்பாடு அது. மூன்று திருத்தத்துக்குப் பிறகு அடியில் கிடக்கும் அசல் அழிக்கப்படும் என்றும் ஒரு விதி வைத்திருந்தேன். இடம் அடைக்கிறதாம். அந்த விதியை எழுதிய அன்று எனக்கு என்மேல் ஒரு மரியாதையே வந்தது.

சுகந்தாமணியின் நினைவை ஏழு பேர் திருத்தினார்கள். ஏழாவது ஆள் அண்டவெளியன். அதற்கடுத்த கூட்டத்தில், கொடுத்தவரைத் தவிர எல்லோரும் ஒருமுறை அதை ஓட்டிப் பார்த்த பிறகு, அவர் தலையை ஆட்டினார்.

"மிகவும் வழக்கமான பிரிவாக இருக்கிறது. இதுபோல் ஆயிரம் பார்த்தாயிற்று. தரம் போதாது. அத்தியாயம் ஏழை நீக்கிவிடலாம்."

எல்லோரும் ஒப்புக்கொண்டோம். அதை வழக்கமானதாக ஆக்க ஏழு பேர் உழைத்திருந்தோம் என்று யாரும் சொல்லவில்லை.

சுகந்தாமணி எழுந்து நின்றார். "வேண்டாம்னா எனக்கே குடுத்துருங்க."

"விதி ஐந்து" என்றேன் நான். அவ்வளவு வேகமாகச் சொன்னேன். ஒரு விதியைச் சொல்வதற்குச் சந்தர்ப்பம் கிடைத்தால் என் வாய் என்னைக் கேட்பதில்லை.

"சரிங்கண்ணா. நீங்க பால் சொசைட்டி விதியத்தான மாத்தி எழுதுனீங்க? சொசைட்டில பாலு நல்லால்லைன்னா என்னுங்க பண்ணுவாங்க?"

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. நான் விதிகளைப் புரட்டினேன். இருந்தது. விதி பதினொன்று: 'தரம் போதாதது எனக் கண்டறியப்படுவது ஊற்றியவரிடமே திருப்பி அளிக்கப்படும்.' பால் திரிந்திருந்தால் கேனோடு திருப்பி அனுப்புவார்களே, அந்த விதி. ஒரு எழுத்துக்கூட மாறாமல் உட்கார்ந்திருந்தது.

"திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறது" என்று அறிவித்தேன். விதியால் ஒரு நல்ல காரியம் நடக்கப்போகிறதே என்று எனக்கு ஒரே பூரிப்பு.

கிளினிக்கில் அவரைச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். அவிழ்த்த கம்பியைத் திரும்பச் சுற்றுவது மாதிரிதான் என்று கிருத்திகா தைரியம் சொன்னார். சுகந்தாமணி கண்ணை மூடியபோது முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. ரொம்ப நாள் கழித்து ஊருக்கு வரும் ஆளை பஸ் ஸ்டாண்டில் எதிர்பார்த்து நிற்கிறவர்களுக்கு இருக்குமே, அது. ஐந்து நிமிடத்தில் கண்ணைத் திறந்தார். சிரிப்பைக் காணோம்.

"இது யாருங்க?"

"உங்க வீட்டுக்காரர் வரலீங்களா?" என்றார் கிருத்திகா.

"மூஞ்சி அவுருதுதானுங்க. பேசறது அண்டவெளியன் ஐயா."

நான் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

"செவப்பு மண்ணுல நிக்கறாரு. கைல துப்பாக்கி. மூணுவாட்டி திரும்பித் திரும்பிப் பாக்கறாரு. 'அன்பே, ஒளியாண்டுகள் நம்மைப் பிரித்தாலும் என் மூச்சு உன் முகவரியைத் தேடும்'ங்கறாரு. ஏனுங் டாக்டரம்மா, அவரு கல்யாணப் பத்திரிகையையே எழுத்துக் கூட்டித்தான் படிச்சாரு. என்னை 'இந்தா'ன்னுதான் கூப்புடுவாரு. இருவத்தாறு வருசம் 'இந்தா'தானுங்க."

"அதை அழிச்சுட்டு அசலை..." என்று கிருத்திகா என்னைப் பார்த்தார்.

அசல் இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. விதி எண்ணோடு சொன்னேன். வேறெப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "இப்ப அவர நெனச்சாலே இந்தாளுதானுங்க வர்றாரு" என்று மட்டும் சொன்னார். பிறகு பல் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். "என்ன மாத்துனீங்கன்னு எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்கறீங்களா?"

"காரணங்கள் மட்டும் இருக்கின்றன. பதிவேட்டில்."

"அதைப் படிங்க. கடைசிச் சுத்துல இருந்து அவுத்துட்டு வாங்க."

அப்படித்தான் அந்தக் கிளினிக்கில், வாய் கொப்பளிக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் பதிவேட்டைப் பின்னாலிருந்து படித்தேன்.

ஏழு: "'இந்தா' என்று மனைவியை விளிப்பது மரியாதைக் குறைவு. 'அன்பே' என மாற்றப்பட்டது. வசனத்தில் தொட்டி, மோட்டார் போன்ற சொற்கள் கவித்துவத்துக்கு ஊறு செய்கின்றன. முழுதும் புதிதாக எழுதப்பட்டது."

"'இந்தா'ன்னுதான் சொல்லிருக்காரு" என்றார் சுகந்தாமணி. அவர் குரலில் உயிர் வந்தது.

ஆறு: "மனைவி வாசலுக்கே வரவில்லை. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்து 'ம்' என்கிறாள். மிகவும் வறட்சி. கண்ணீருடன் ஓடி வரச் செய்யப்பட்டது."

இதைப் படித்துவிட்டு நிறுத்தினேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வெளில கூட வல்லீங்களா?" என்றார். "அடுப்புல தோசக்கல்லு இருந்திருக்கும். வல்லாமத்தான் இருந்திருப்பேன். படிங்கண்ணா."

ஐந்து: "கணவன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உணர்ச்சி போதாது. மும்முறை பார்க்கச் செய்யப்பட்டது." நான்கு: "கையில் சாப்பாட்டுத் தூக்கு. விண்பயணத்துக்குப் பொருந்தாது. துப்பாக்கி கொடுக்கப்பட்டது." மூன்று: "சட்டைப் பொத்தான்கள் ஓட்டை மாற்றிப் போடப்பட்டுள்ளன. கவனக்குறைவு. சரிசெய்யப்பட்டது."

அவர் சிரித்துவிட்டார். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எப்பவும் மாத்தித்தானுங்க போடுவாரு! ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்கும். நாலு பேரு சொன்னாலும் அவுத்துப் போட மாட்டாரு." கிருத்திகாவும் சிரித்தார். ஏழு பேர் தேடித் தேடிப் பொறுக்கி வெளியே எறிந்தது எல்லாம் குழந்தைவேலுவாக இருந்தது. அந்த ஆளை நாங்கள் ஒரு துண்டு விடாமல் கழித்துக் கட்டியிருந்தோம்.

இரண்டு: "பறவைச் சத்தம். செவ்வாயில் பறவை இல்லை."

கடைசியாக, எண் ஒன்று: "'டேங்க் ரொம்பிருச்சு, மோட்டார நிறுத்து' என்கிறான். செவ்வாயில் மேல்நிலைத் தொட்டி இல்லாததால் உயிர்வளித் தொட்டி என மாற்றப்பட்டது. கேட்டின் அருகே நின்று சொல்லும் இறுதி வரி பொருளற்றது. கதையை முன் நகர்த்தவில்லை. விதி மூன்றின்படி நீக்கப்பட்டது."

"டேங்க் ரொம்பிருச்சு, மோட்டார நிறுத்து" என்று சுகந்தாமணி மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். "அந்தக் கடைசி வரி என்னங்க?"

"அது... எழுதப்படவில்லை."

"தண்ணித் தொட்டியை எழுதி வெச்சவங்க அதை எழுதலீங்களா?"

"பொருளற்றது என்று மட்டும் இருக்கிறது."

"யாருங்க இந்த ஒண்ணாம் நெம்பரு? அவங்களுக்கு நெனப்பு இருக்குமா?"

இருக்காது. எனக்கு நன்றாகவே தெரியும். ஏனென்றால் ஒன்றாம் எண் நான்தான். நினைவு விதிகளுக்கு உட்பட்டிருக்கிறதா என்று செயலாளர்தான் முதலில் பார்க்க வேண்டும். 'சேர்க்கப்படும் பாலில் அயல்பொருள் இருக்கக் கூடாது' என்று ஒரு விதி இருந்தது. அதில் அயல்பொருளைப் பொருளற்ற வரி என்று மாற்றித்தான் விதி மூன்று ஆக்கியிருந்தேன். ஒரு மனிதன் உலகத்தில் கடைசியாகத் தன் பெண்டாட்டியிடம் சொன்னதை அயல்பொருள் என்று வடிகட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

"எண்களை வெளியிட விதியில் இடமில்லை அம்மிணி" என்றேன். என் ஆயுளில் இவ்வளவு அசிங்கமான ஒரு வாக்கியத்தை நான் சொன்னதில்லை.

விஷயம் அண்டவெளியன் காதுக்குப் போயிற்று. அடுத்த கூட்டத்தில் அவர் உருகினார். அந்தக் கடைசி வரியைத் தானே எழுதித் தருவதாகவும், ஏழு மாதிரிகள் கொண்டுவந்து காட்டுவதாகவும், பிடித்ததைச் சுகந்தாமணி எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

"வேண்டாங்கய்யா" என்றார் சுகந்தாமணி. "பொருளில்லாம என்னமோ சொன்னாருன்னு தெரியுது. அது அவருதான். நீங்க எழுதுனா பொருளோட இருக்கும்."

அண்டவெளியன் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அவரைப் பார்த்தால் பாவமாகக்கூட இருந்தது.

பதிவேட்டைக் காகிதத்தில் அச்செடுத்துச் சுகந்தாமணியிடம் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனவர், அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை.

அவர் போனதும் அண்டவெளியன் மேசையைத் தட்டினார். "நண்பர்களே, கவனித்தீர்களா? இந்தப் பதிவேடே ஓர் அத்தியாயம்! நாம் தேடிய பிரிவு இதுதான்!"

"அந்த அம்மாவக் கேக்க வேண்டாமா?" என்றார் கிருத்திகா.

"பதிவேடு குழுவின் சொத்து. செயலாளர் சொல்லட்டும்."

விதி எட்டு, ஆமாம். சொன்னேன். ஓட்டெடுப்பில் கிருத்திகா மட்டும் எதிர்த்தார். நான் எந்தப் பக்கமும் ஓட்டுப் போடவில்லை. போடவில்லை என்பதையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதி வைத்தேன், பெரிய வீரன் மாதிரி.

நாவலுக்கு அந்த வருடம் பரிசு கிடைத்தது. பதிவேட்டு அத்தியாயத்தைப் படித்து ஜனங்கள் கதறினார்கள். 'பொருளற்றது' என்று நான் எழுதியிருந்த இடத்தில் ஒரு வெற்றிடம் இருப்பது வாசகரை ஏமாற்றும் என்று, அண்டவெளியன் ஒரு வரியை இட்டு நிரப்பியிருந்தார். 'நான் வரும்வரை இந்தத் தண்ணீர் உன்னோடு பேசும்.' அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு ஒரு பெண் பேருந்தில் போவதை நானே பார்த்தேன். கணபதியில் காயில் கட்ட வருகிறவர்கள், அது யாருடைய கதை என்று தெரிந்துகொண்டு, சுகந்தாமணியிடம் அந்த வரியைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள் என்று கிருத்திகா சொன்னார். "அது அவரு சொன்னதில்லீங்க" என்று இவர் சொன்னால் அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்களாம்.

அதற்குப் பிறகுதான் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பரிசு பெற்ற புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பி, பாதி வழியில் வெட்கமாகி அதை பஸ் ஸீட்டிலேயே விட்டுவிட்டேன்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. என்னைப் பார்த்ததும் "வாங்கண்ணா" என்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அந்த ஒண்ணாம் நம்பர்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுங்க."

"எப்படி?"

"அன்னிக்கே தெரியுங்க. எல்லாத்துக்கும் விதி நெம்பரு போடறது நீங்க ஒருத்தருதான்."

"என்னை மன்னிச்சிரு அம்மிணி. எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன். ஒரு வார்த்தை கூட வர மாட்டேங்குது."

"வராதுங்க. டாக்டரம்மா சொன்னாங்களே." அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உக்காருங்க, காப்பி வெக்கறேன்."

அவர் அடுப்படிக்குப் போனார். நான் உட்காரவில்லை. மாடியில் சளசளவென்று தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. இப்போதெல்லாம் தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாகவே நின்றுவிடும். மோட்டார் பிழைப்பே பிழைப்பாக இருக்கும் இவர் வீட்டில் மட்டும் பழைய சுவிட்ச். என் வயசு ஆட்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால் கை கால் சும்மா இருக்காது.

"அம்மிணி! டேங்க் ரொம்பிருச்சு, மோட்டார நிறுத்து!"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. நான் சொன்னது என்னவென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுகந்தாமணி நிலைப்படிக்கு வந்து என்னைப் பார்த்தார். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"சட்டையக் கழட்டிப் பொத்தான மாத்திப் போடுங்க" என்றார்.

"அம்மிணி..."

"போடுங்கண்ணா."

அறுபத்து மூன்று வயதில், அடுத்தவர் வீட்டு முன்கட்டில் நின்று, பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓட்டை மாற்றிப் போட்டேன். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அவர் அலமாரியிலிருந்து ஒரு தூக்கை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். எவர்சில்வர் தூக்கு, அடி நசுங்கியிருந்தது.

"நான் உள்ள இருப்பேன். ஜன்னல்கிட்ட. மறுக்கா அதைச் சொல்லிட்டுக் கெளம்புங்க. கேட்டுகிட்ட நின்னு என்னமோ ஒண்ணு சொல்லோணும். பொருளில்லாததா இருக்கோணும். அப்பறம் போயிருங்க. திரும்பிப் பாக்கக் கூடாது."

அவர் உள்ளே போய்விட்டார். நான் முற்றத்தில் இறங்கினேன்.

"இந்தா, டேங்க் ரொம்பிருச்சு. மோட்டார நிறுத்து."

"ம்" என்றது ஜன்னல்.

கேட்டுக்கு எட்டு அடிதான் இருக்கும். அதற்குள் ஒரு பொருளற்ற வரி வேண்டும். எத்தனையோ சங்கங்களுக்கு விதி எழுதியவன், பதினோரு எழுத்தாளர்களோடு மூன்று வருடம் குப்பை கொட்டியவன், எனக்கு வந்ததெல்லாம் மன்னிப்பாகவும் தத்துவமாகவும் இருந்தது. எதை எடுத்தாலும் அண்டவெளியன் வாசனை அடித்தது. கேட்டைத் திறந்து நின்றேன். வலது செருப்பின் வார் ஒரு வாரமாகவே கடித்துக்கொண்டிருந்தது.

"இந்தச் செருப்பு வேற, கடிக்குது" என்றேன்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. கேட்டைச் சாத்திவிட்டு, வெறும் தூக்கோடும் கோணல் சட்டையோடும் தெருவில் நடந்தேன். தெருமுனை திரும்பும் வரை தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அவர் இன்னும் மோட்டாரை நிறுத்தவில்லை.